ஸ்பாஞ்சாக மாறும் நிக்கல்: நோபல் வென்ற ‘மாஃப்’ லேபை விட்டு வெளியே வருமா?

2025-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, ஜப்பானின் சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவில் பணிபுரியும் ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. காரணம், ‘மெட்டல்-ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க்’, சுருக்கமாக ‘மாஃப்’. தமிழில் உலோக-கரிமக் கட்டமைப்பு. இந்தக் குடும்பத்தில் நிக்கலை வைத்துச் செய்யப்படும் வகைகள் மீது ஆய்வாளர்களுக்குத் தனிக் கவனம் இருக்கிறது. ஏன்?

‘மாஃப்’ என்றால் என்ன?

கட்டடம் கட்டப் போடும் சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு விழும் இடங்களில் உலோக அயனிகள், குறுக்குக் கம்புகளாகக் கார்பன் மூலக்கூறுகள். இது முப்பரிமாணத்தில் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டால் கிடைக்கும் படிகம்தான் மாஃப். உள்ளே பெரும்பகுதி வெற்றிடம்தான். யாகி 1999-ல் அறிமுகப்படுத்திய மாஃப்-5-ல் சில கிராம் எடுத்தாலே, அதன் உள்பரப்பு ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வரும். அந்தப் பரப்பில்தான் வாயுக்கள் ஒட்டிக்கொள்கின்றன.

அப்போ, நிக்கல் எங்கே வந்தது?

ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 1997-ல் கிடகாவா குழு கோபால்ட், நிக்கல், துத்தநாக அயனிகளைப் பைபிரிடின் என்ற மூலக்கூறோடு இணைத்துக் கட்டமைப்புகளை உருவாக்கியது. அவற்றில் ஒன்றை உலர்த்தி உள்ளிருந்த நீரை வெளியேற்றிய பிறகும் அது நொறுங்கவில்லை. மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் உள்ளே போய் வெளியே வந்தும் அதன் வடிவம் அப்படியே இருந்தது. ‘இது வெறும் அழகான படிகம் இல்லை, பயன்படும் பொருள்’ என்ற நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

இதை எப்படித் தயாரிக்கிறார்கள்?

நன்றாக ஆராயப்பட்ட நிக்கல்-மாஃப்-74-ஐ எடுத்துக்கொள்வோம்.

1. கரைத்தல்: நிக்கல் உப்பையும், டைஹைட்ராக்சி டெரெப்தாலிக் அமிலத்தையும் கரைப்பானில் கலக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் ‘பெட்’ பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான டெரெப்தாலிக் அமிலத்துக்கு இது நெருங்கிய சொந்தம்.

2. சூடாக்குதல்: மூடிய கலனில், சுமார் 100 டிகிரி செல்சியஸில், ஏறத்தாழ ஒரு நாள். அவசரப்பட்டால் ஒழுங்கில்லாத தூள்தான் மிஞ்சும். மெதுவாக நடந்தால், தப்பான இடத்தில் ஒட்டிய துண்டுகள் கழன்று சரியான இடத்தில் மீண்டும் ஒட்ட நேரம் கிடைக்கும்.

3. கழுவுதல்: துளைகளில் தேங்கியிருக்கும் கரைப்பானை மெத்தனால் போல எளிதில் ஆவியாகும் திரவத்தால் பலமுறை மாற்றுகிறார்கள்.

4. காலி செய்தல்: வெற்றிடத்தில் சூடாக்கி, துளைகளில் இருப்பதை முழுவதும் வெளியேற்றுகிறார்கள். சரியாகச் செய்யாவிட்டால் துளைகள் அடைபட்டே இருக்கும், அல்லது கட்டமைப்பே சரிந்துவிடும்.

கடைசிப் படியில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு நிக்கல் அயனியோடும் ஒட்டியிருந்த நீர் மூலக்கூறு அப்போது வெளியேறுகிறது. அந்தக் காலி இருக்கையில் கார்பன் டை ஆக்சைடு வந்து உட்கார முடியும். இதே கட்டமைப்பை மெக்னீசியத்தில் செய்தால், உலர்ந்த காற்றில் கார்பனை இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரப்பதம் பட்டால் அதன் திறன் வேகமாகக் குறையும். நிக்கல் வகை அந்தச் சோதனையில் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது. ஆலைப் புகையில் எப்போதும் ஈரம் இருக்கும் என்பதால், இது சின்ன வித்தியாசம் இல்லை.

வேறு எதற்குப் பயன்படும்?

பிளாஸ்டிக் தயாரிப்பில் புரோப்பிலீனையும் புரோப்பேனையும் பிரிப்பது பெரிய தலைவலி. இரண்டின் கொதிநிலைக்கும் ஏறக்குறைய 5 டிகிரிதான் வித்தியாசம். எத்திலீன், புரோப்பிலீன் ஆகிய இரண்டைச் சுத்திகரிக்க மட்டுமே உலக எரிசக்திப் பயன்பாட்டில் 0.3 சதவீதம் செலவாகிறது என்று 2016-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை ஒன்று சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு சவுதி அரேபியாவின் காஸ்ட் பல்கலைக்கழகக் குழு, நிக்கலும் நியோபியமும் உள்ள ஒரு மாஃபை வெளியிட்டது. அதன் வாசல் புரோப்பிலீனை உள்ளே விடுகிறது, புரோப்பேனைத் தடுத்துவிடுகிறது.

இன்னொன்று மின்சாரம். பெரும்பாலான மாஃப்கள் மின்சாரத்தைக் கடத்தாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு 2014-ல் அறிவித்த ஒரு நிக்கல் மாஃப் நன்றாகக் கடத்துகிறது. 2017-ல் அதையே மின்முனையாக வைத்து, கடத்துவதற்கென்று தனியாகக் கார்பன் சேர்க்காமலே சூப்பர் கெபாசிட்டரும் செய்து காட்டினார்கள்.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் இன்னும் சந்தைக்கு வரவில்லை?

மாஃப் சந்தைக்கு வந்துவிட்டது, ஆனால் முந்திக்கொண்டது நிக்கல் இல்லை. கனடாவில் உருவான கால்ஃப்-20 என்ற துத்தநாக மாஃபை, கார்பன் பிடிப்புக்காக பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் தொழிற்சாலை அளவில் தயாரிக்கிறது. மலிவான மூலப்பொருள், ஈரத்தைத் தாங்கும் குணம், எளிய தயாரிப்பு முறை என மூன்றும் அதற்குக் கைகொடுத்தன.

நிக்கலுக்கு முன்னால் இருக்கும் தடைகள் வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மின்வாகன பேட்டரியும் அதே உலோகத்துக்குப் போட்டி போடுகின்றன. சுரங்க நிக்கலில் பாதிக்கும் மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. நிக்கல் சேர்மங்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் தூளைக் கையாள்வதிலிருந்து கழிவு நீர் வரை எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு தேவை. லேபில் வழக்கமாகப் பயன்படும் டி.எம்.எஃப். கரைப்பானும் இனப்பெருக்கத்துக்குக் கேடானது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பர் முதல் அதற்குக் கடுமையான வரம்பு விதித்துள்ளது.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

டி.எம்.எஃப்.-ஐ விட்டுவிட்டு, தண்ணீரிலேயே நிக்கல்-மாஃப்-74-ஐத் தயாரிக்கும் முறைகள் ஆய்விதழ்களில் வெளியாகியிருக்கின்றன. அது டன் கணக்கில் சாத்தியமானால் செலவும் ஆபத்தும் ஒன்றாகக் குறையும். அதன் பிறகும் தூளைக் குருணையாக்கும்போது துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும், ஆயிரக்கணக்கான முறை வாயுவை உள்வாங்கி வெளிவிட்ட பிறகும் திறன் குறையாமல் இருக்க வேண்டும். எனவே, ‘உள்பரப்பில் புதிய சாதனை’ என்று அடுத்த செய்தி வந்தால், எந்தக் கரைப்பானில் செய்தார்கள், ஈரத்தில் எத்தனை சுற்று தாங்கியது என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆலைக்குப் போகுமா, லேபிலேயே நிற்குமா என்பதை முடிவு செய்வது அவைதான்.