பாம்பன் தூக்குப்பாலத்தை எடைக்குப் போடாதீர்கள்



பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பிரித்து அகற்ற ரயில்வே முடிவெடுத்திருக்கிறது. உப்புக் காற்றில் அரித்துப்போன அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலமும் திறக்கப்பட்டது. வலுவிழந்த இரும்பைக் கடலில் அப்படியே விட்டுவைப்பது படகுகளுக்கு ஆபத்து என்பதை மறுக்கவில்லை. ஆனால் நடுவில் நிற்கும் தூக்குப்பாலத்தையும் மற்ற கர்டர்களோடு சேர்த்துப் பழைய இரும்புக் கணக்கில் எழுதிவிடுவதைக் கடுமையாக எதிர்க்கிறோம்.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாலம் இது. அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் வகுத்த முறையில், இங்கிலாந்தில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டியது இந்தத் தூக்குப்பாலம். கப்பலோ விசைப்படகோ கடக்க வேண்டுமென்றால் ரயில்வே ஊழியர்கள் இரு பக்கமும் நின்று, நீண்ட இரும்புக் கம்பிகளைத் தோள் கொடுத்துத் தள்ளிச் சுற்றுவார்கள். பல்சக்கரங்கள் நகர நகர, இரண்டு பகுதிகளும் மெல்ல மேலே எழும்பும். வடகடலில் காத்திருந்த படகுகள் வரிசையாகத் தென்கடலுக்குப் போகும். ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி அதைப் பார்க்காத யாத்ரீகர் குறைவு.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த இரவில் இந்தப் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலோடு போயின. தூக்குப்பாலமோ அசையாமல் நின்றது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில், கடலுக்குள் விழுந்து கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துப் பூட்டி, 46 நாளில் பாலத்தை மறுபடி நிமிர்த்தினார்கள். 1988இல் ரோட்டுப் பாலம் வரும்வரை ராமேஸ்வரம் தீவை நிலத்தோடு இணைத்தது இது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற நீராவி எஞ்சின்களுக்கு வர்ணம் பூசி ஸ்டேஷன் வாசலில் நிறுத்துகிறது ரயில்வே. சென்னையிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகம் நடத்துகிறது. அந்த மரியாதை தூக்குப்பாலத்துக்கு ஏன் கிடைக்கக் கூடாது? பாகம் பாகமாகக் கப்பலில் வந்து பூட்டப்பட்டதைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கரையேற்றவும் முடியும். வேண்டியது மனசும் கொஞ்சம் பணமும்தான். மற்ற கர்டர்களை விற்று வரும் தொகையில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கட்டும்.

தெற்கு ரயில்வே மூன்று காரியம் செய்ய வேண்டும். தூக்குப்பாலத்தில் கேஸ் கட்டர் வைக்கும் முன், அதை என்ன செய்யப்போகிறோம் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டு, அளந்து, படம் எடுத்துப் பதிவு செய்த பிறகே கழற்ற வேண்டும். மண்டபத்திலோ பாம்பனிலோ ரயில்வே நிலத்தில் அதை நிறுவி, பல்சக்கரம் எப்படிச் சுற்றியது என்று பள்ளிப் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்க வழி செய்ய வேண்டும்.

மாநிலத் தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் இதில் பார்வையாளராக இருக்கக் கூடாது. எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் உடனே குரல் கொடுக்க வேண்டும். வெட்டி முடித்த பிறகு நினைவுத்தூண் எழுப்பிப் பயனில்லை.

இப்படிக்கு,
பாம்பன் வாசகர் ஒருவர்