பாகம் வாங்கும் முன் பிட்டைப் பாருங்கள்!

பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு. தென்னாட்டின் இரு பெரிய எலெக்ட்ரானிக் சந்தைகள் இவை. இந்த இரண்டு நகரங்களையும் இணைக்கும் சித்தூர் சாலையில்தான் பலமனேர் இருக்கிறது. நாள்தோறும் எத்தனையோ பஸ்கள் இவ்வழியே ஓடுகின்றன. ஆனால் பலமனேர் போன்ற ஒரு சிற்றூரில், சொந்தமாகச் சிந்தசைசர் செய்து பார்க்க விரும்பும் இளைஞனுக்கு ஒரு சிறு ஐ.சி. வேண்டுமானால் என்ன ஆகிறது? ஐ.சி.யின் விலை சில ரூபாய். அதை வாங்கிவர ஆகும் செலவோ பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும்!

சிந்தசைசர் என்றதும் சினிமாக்காரர்களின் விலை உயர்ந்த கருவி என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. மின்சாரத்தை ஒரே சீராக அதிரவைத்து, அந்த அதிர்வை ஒலியாக்குவதே அதன் அடிப்படை. 40106 என்ற ஒரே ஐ.சி.யில் ஆறு அதிர்வுச் சுற்றுகள் அமைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் போதும். 9 வோல்ட் பாட்டரியில் அது பாடும்.

1964-இல் தம் சிந்தசைசரை உலகுக்குக் காட்டிய அமெரிக்கர் ராபர்ட் மூக், அதற்கு முன்பு 'தெரமின்' என்ற இசைக்கருவியின் பாகங்களைக் கிட்டாக விற்றவர். வீட்டில் உட்கார்ந்து சால்டர் செய்தவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூரில் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். இன்று கச்சேரி மேடையிலும் பாட்டு வகுப்பிலும் அத்தகைய பெட்டி சுருதி சேர்க்கிறது. பலமனேரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் நடந்த காரியம் இது.

அப்படியானால் ஆர்வத்தோடு தொடங்கும் இளைஞர்களில் பலர் பாதியில் கைவிடுவது ஏன்? "பாகம் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். போலி ஐ.சி.க்கள் சந்தையில் உலவுவது மெய்தான். ஆனால் பழியைக் கடைக்காரர் மீது போடுமுன் தன் கையிலுள்ள சால்டரிங் அயர்னின் பிட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது. கருகிப்போன பிட் சூட்டைக் கடத்தாது. ஈயம் ஒட்டவில்லையே என்று அழுத்திப் பிடிப்பார்கள். போர்டின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும், ஐ.சி. சூடேறிக் கெடும். அல்லது பார்வைக்கு ஒட்டியதுபோல் தோன்றி உள்ளே ஒட்டாத 'டிரை சால்டர்' விழும். ஆசையாகச் செய்த கருவி ஒரு நாள் பாடும், மறுநாள் ஊமையாகும். குற்றம் பாகத்திலா, பிட்டிலா?

பிட்டில் இருவகை உண்டு. வெறும் செம்பு பிட் தேய்ந்து குழி விழுந்தால், ஆறிய பிறகு அரத்தால் ராவி, மறுபடி சூடாக்கி ஈயம் பூசிக்கொள்ளலாம். இரும்புப் பூச்சு உள்ள பிட்டில் அரமோ உப்புத்தாளோ படவே கூடாது. பூச்சு போனால் பிட்டும் போயிற்று. எது எது என்ற ஐயம் வந்தால் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். இரும்புப் பூச்சு இருந்தால் ஒட்டும். ஈரப் பஞ்சில் துடைப்பதும், வேலை முடிந்ததும் துடைத்துவிடாமல் முனையில் ஈயம் பூசியே அணைப்பதும், சாப்பிடப் போகும்போது ஸ்விட்சை நிறுத்துவதும் பழக்கமாக வேண்டும். இந்த மூன்றுக்கும் காலணா செலவில்லை. பிட்டோ பல மடங்கு காலம் உழைக்கும்.

சிறு போர்டு வேலைக்கு 25 வாட் அயர்ன் போதும். ரோசின் உள்ள 60/40 ஈயக் கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும். பிட்டில் ஈயத்தை அள்ளிக்கொண்டு போய் அப்பக்கூடாது. பாகத்தின் காலையும் போர்டையும் முதலில் சூடாக்கி, அங்கே கம்பியைக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று வினாடிகளில் வேலை முடியும். தகரம் ஒட்டும் ஆசிட்டை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அது நாளடைவில் கால்களை அரித்துவிடும்.

இனி, பாகம் வாங்கும் விஷயம். இதில் தனி ஆளாக அலைவதுதான் தவறு. ஒரே ஊரில் நாலு பேர் சேர்ந்தால் ஒரே பட்டியல் போதும். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஊர் திரும்பும் நம் தொழிலாளியோ, மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய்வரும் குமாஸ்தாவோ அதை வாங்கிவர முடியும். பட்டியல் திட்டமாக இருக்க வேண்டும். "ஒரு ரெசிஸ்டர்" என்று எழுதினால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? சுருதியை நிர்ணயிக்கும் இடத்துக்கு 1 சதவீத மெட்டல் பிலிம் ரெசிஸ்டரும் மைலார் கண்டென்சரும் என்று எழுத வேண்டும். மலிவான செராமிக் கண்டென்சர் வெயில் ஏறினால் சுருதியையும் மாற்றிவிடும். ஐ.சி.யை இரண்டாக வாங்கி, சாக்கெட்டில் செருகிச் சோதிப்பது சிக்கனம். 40106 போன்றவற்றைத் தெர்மோகோலில் குத்தி வைத்தால் நிலைமின்சாரத்தால் சாகும். கறுப்பு ஃபோமில் வைப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் டி.வி., ரேடியோ மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பழைய டி.வி.யில் பழுது என்றால் பாகத்தைத் தேடி மாற்றினார்கள். இன்றைய டி.வி.க்கோ போர்டையே கழற்றி மாற்றுகிறார்கள். அவர்களுடைய கைக்கு வேலை குறைந்து வருகிறது. இருபது முப்பது ஆண்டு பழகிய அந்தக் கைக்கு டிரை சால்டர் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அவர் கடை மூலையில் கிடக்கும் பழைய செட்டுகளில் டிரான்ஸ்பார்மர், வால்யூம் கண்ட்ரோல், குமிழ் எல்லாம் இருக்கின்றன. பழைய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை மட்டும் நம்பக்கூடாது, அது உலர்ந்திருக்கும். கற்க விரும்பும் இளைஞன் ஒருபுறம், கற்பிக்கத் தெரிந்த மெக்கானிக் மறுபுறம். இருவரும் ஒரே தெருவில் இருந்தும் சந்திப்பதில்லை என்பதுதான் வேதனை!

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அந்த மெக்கானிக்கின் மேஜையருகே உட்காரட்டும். அதற்கு உரிய கட்டணத்தையும் கொடுக்கட்டும். அண்ணே என்று அழைத்து இலவசமாகக் கற்றுக்கொள்வது மரியாதை ஆகாது. ஜன்னலைத் திறந்து வைப்பது, சால்டர் புகையை முகத்தில் வாங்காதிருப்பது, ஈயம் தொட்ட கையைக் கழுவிய பிறகே சோற்றில் வைப்பது, குழந்தைகளை அண்டவிடாதிருப்பது ஆகியவையும் பாடத்தில் சேரட்டும்.

பலமனேர் மண் வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். மண் நன்றாக இருந்தும் சக்கரம் தள்ளாடினால் பானை கோணும் என்று அங்கே வனைபவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எலெக்ட்ரானிக் வேலைக்கும் அதுவே நியதி. பாகம் இன்று கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் கிடைக்கும். தொழில் தெரிந்த கை ஊரைவிட்டு மறைந்துவிட்டால் அதை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.