ஆறிய காலுக்கு ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸ்

புண் ஆறியதும் அண்ணன் செய்த முதல் காரியம், காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸைக் கழற்றி அலமாரியில் போட்டதுதான். கணுக்காலின் உள்பக்கத்தில் எட்டு மாதம் இருந்த புண். வாரம் இரண்டு முறை பஸ் ஏறிப் போய்க் கட்டு மாற்றி, ஒருவழியாகத் தோல் மூடிய அன்று அண்ணி கேசரி கிண்டினார். நாலாவது மாதம் அதே இடத்தில் ஒரு கொப்புளம். இப்படி மூன்று முறை.

அண்ணனுக்கு 28 வருடம் ஜவுளிக்கடை வேலை. சேலைப் பிரிவில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள் எங்கள் பக்கம். உண்மையில் அது நரம்பு இல்லை, அசுத்த ரத்தக் குழாய். கிணற்று மோட்டாரின் புட்வால்வு பழுதானால் ஏறிய தண்ணீர் திரும்பவும் கிணற்றிலேயே இறங்கிவிடும் இல்லையா? காலிலும் அதே கதைதான். கெண்டைச்சதை பம்ப், குழாய்க்குள் இருப்பவை வால்வுகள். வால்வு தளர்ந்தால் ரத்தம் கணுக்காலில் தேங்கும். தோல் கறுக்கும், தடிக்கும், அரிக்கும். சொறிந்தால் புண். புண் ஆறினாலும் வால்வு பழுது அப்படியேதான் இருக்கிறது என்பதை மூன்றாவது முறைதான் எங்களுக்கு ஒரு நர்ஸம்மா புரியவைத்தார்.

அதனால் புண் ஆறிய பிறகும் ஸ்டாக்கிங்ஸ் போட்டே ஆக வேண்டும். அது பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் டொலிடோ நகரில் வாழ்ந்த எஞ்சினியர் கான்ராட் ஜாப்ஸ்ட்டுக்கே இந்தக் கால் உபாதை இருந்தது. நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் வலி குறைந்ததாம். ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் கூடும். அதனால் கணுக்காலில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அதையே துணியில் கொண்டுவந்தார், 1950 வாக்கில். குளத்தைக் காலில் மாட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

சித்திரை வெயிலில் மாட்டிப் பார்த்தால்தான் அந்தக் குளத்தின் அருமை தெரியும்! வேர்க்கும், கசகசக்கும். தொந்தியோடு குனிந்து இழுப்பதற்குள் மூச்சு வாங்கும். 'உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவது டாக்டருக்குச் சுலபம். அண்ணன் வீட்டில் கண்டுபிடித்த வழி: விடிந்ததும் கட்டிலைவிட்டு இறங்குமுன், கால் வீங்குவதற்குள் மாட்டிவிடுவது. பாதத்தில் வழவழப்பான கேரி பேக் ஒன்றைச் சுற்றி அதன்மேல் ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். விரல் பக்கம் திறந்திருப்பதால் பிறகு பையை உருவிவிடலாம். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டால் பிடி கிடைக்கும். ராத்திரி கழற்றியதும் வாசலின். காலையில் தடவினால் எலாஸ்டிக் கெடும். காலை உயர்த்துவது என்றால் முக்காலிமேல் வைப்பது இல்லை. படுத்து, தலையணை அடுக்கி, நெஞ்சைவிட உயரமாக. டிவியில் விளம்பரம் வந்தால் எழுந்து குதிகாலை உயர்த்தி இறக்குவார். சீரியலைவிட விளம்பரம் நீளம் என்பதால் நல்ல பயிற்சி. ஸ்கூட்டர் ஸ்டாண்டைக் காலால் தள்ளுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டார். ஒருமுறை புண் திரும்பியது அந்த இடியில்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்காரர்களும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் தாமாகக் கடையில் வாங்கி மாட்டிவிடக் கூடாது. நல்ல ரத்தம் காலுக்கு இறங்கும் குழாய் அடைத்திருந்தால் இறுக்கமே கேடாகும். டாப்ளர் பரிசோதனையில் ரத்த ஓட்டம் பார்த்த பிறகுதான். ஆபரேஷனையும் கேட்டு வைக்கலாம். இங்கிலாந்தில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், அழுத்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 28 பேருக்கு ஒரு வருடத்துக்குள் புண் திரும்பியது. பழுதான குழாய்க்கு ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில் 12 பேருக்கு.

கடைகளில் நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. அண்ணன் மகளும் ஜவுளிக்கடையில்தான் இருக்கிறாள். ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம். அதன்மேல் ஜாக்கெட் பிட் அடுக்கியிருக்கிறதாம்.

அண்ணன் வீட்டுக் காலண்டரில் தை, ஆடி இரண்டு மாதத்திலும் ஒரு வட்டம். ஆறு மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், புது ஜோடி வாங்க வேண்டும். பழையதைத் தூக்கிப்போட மட்டும் அண்ணிக்கு மனசு வராது. முனையை முடிந்து, மணல் நிரப்பி, வாசல் கதவு அடிக்காமல் இருக்க அண்டை கொடுத்திருக்கிறார்.