ஒரு பிள்ளைக்கு எத்தனை விண்ணப்பம்?

பிளஸ் டூ தேர்வு முடிவு மே மாதத் தொடக்கத்தில் வருகிறது. அதை ஒட்டியே பொறியியல் விண்ணப்பப் பதிவு தொடங்கிவிடுகிறது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான பதிவும் கூடவே. வேளாண்மைக்கு ஒரு தளம், கால்நடை மருத்துவத்துக்கு வேறொரு தளம், ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு இன்னொன்று. நீட் எழுதியவர் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். செவிலியர், மருந்தியல் படிப்புகள் வேண்டுமென்றால் அதே குழுவுக்கு இன்னொரு விண்ணப்பம். எல்லாத் தளங்களும் கேட்பது ஒன்றையே: பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்த வகுப்பு படித்தார் என்ற விவரம். இவற்றில் அரசிடம் இல்லாதது எதுவுமே இல்லை. மதிப்பெண் தேர்வுத் துறையிடம் இருக்கிறது. பள்ளி விவரம் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது. சான்றிதழ்களைக் கொடுத்ததே வருவாய்த் துறைதான். தன்னிடம் இருக்கும் தாளை, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக ஏற்றித் தரும்படி பதினேழு வயதுப் பிள்ளையிடம் அரசு கேட்கிறது.

இந்தச் சுமையை அப்படியே பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, நேரத்தைத் திட்டமிட்டுச் செலவழி என்று மேடைக்கு மேடை அறிவுரை சொல்வதில் நியாயமில்லை. தமிழ்நாடு அரசின் கீழ் வரும் எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் ஒரே விண்ணப்பம் வேண்டும். அந்த விண்ணப்பத்தின் அடிப்படை விவரங்களும் சான்றிதழ்களும் பிளஸ் ஒன் முடிவதற்குள் பள்ளியிலேயே பதிவாகிவிட வேண்டும். மே மாதம் படிப்பையும் கல்லூரியையும் தேர்ந்தெடுப்பதற்கான மாதமாக மட்டும் இருக்க வேண்டும்.

இதைச் செய்ய முடியாது என்று இந்த மாநிலம் சொல்ல முடியாது. பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறையை 1997-லேயே கொண்டுவந்த மாநிலம் இது. 2007-08 கல்வியாண்டு முதல் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வை நீக்கியது. கலந்தாய்வுக்காகத் தென்கோடி மாவட்டங்களிலிருந்து அப்பாவும் பிள்ளையும் இரவு பஸ் ஏறி, விடிகாலையில் கிண்டியில் வந்து இறங்கிக் காத்துக்கிடந்த காலத்தை, 2018-இல் இணையவழிக் கலந்தாய்வு முடித்துவைத்தது. இன்று பொறியியல் தளம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரின் பிளஸ் டூ மதிப்பெண்ணைத் தேர்வுத் துறையிடமிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. ஒரு துறை செய்வதை மற்ற துறைகளும் சேர்ந்து செய்யத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விண்ணப்பம், தன் கட்டணம், தன் அட்டவணை என்று பிடித்துவைத்துக்கொண்டிருப்பதுதான்.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏழைப் பிள்ளைகள் இடறி விழும் இடம் இதுதான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் பொறியியல் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். அதை வாங்க, குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்பதைக் காட்ட வேண்டும். அண்ணன், அக்காவின் மாற்றுச் சான்றிதழ் வரை தேட வேண்டியிருக்கும். இ-சேவை மையத்தில் பதிந்தாலும் கோப்பு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறித்தான் போக வேண்டும். விண்ணப்பம் போடும் இதே நாட்களில்தான் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளைச் சரிபார்ப்பதற்காக அலுவலர்கள் எல்லோரும் அங்கே கூடியிருக்கும் வாரங்களில், மாவட்டம் முழுவதும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்கள். தாமதத்துக்கு யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வேலையை மே மாதத்தில் வைத்ததே தவறு. சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் பிளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கிவிடக் கூடியவை. பள்ளியில் முகாம் போட்டு, வருவாய் ஆய்வாளர் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் முடிந்துபோகும்.

பெயர்க் குழப்பமும் அப்படித்தான். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறது; ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக இருக்கிறது. தேசியத் தேர்வுகளின் விண்ணப்பங்களில் ஒரு பெயரும் மாநில விண்ணப்பத்தில் இன்னொரு பெயருமாகப் பதிவாகி, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அழுகையோடு நிற்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போதே ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆசிரியருக்குப் பத்து நிமிட வேலை.

வீட்டில் கணினி இல்லாத பிள்ளை பிரௌசிங் சென்டருக்குப் போகிறது. அங்கே விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அவசரத்தில் கடைக்காரரின் கைபேசி எண்ணையே கொடுத்துவிட்டு வருவதும் நடக்கிறது. பிறகு ஓடிபி அவருக்குப் போகும், விருப்பப் பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல் அவரிடம் இருக்கும். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்ற ஆலோசனையும் அங்கேதான் கிடைக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. மே மாதம் அவை பூட்டிக் கிடக்கக் கூடாது.

கட்டணக் கணக்கையும் பார்க்கலாம். பொறியியல் பதிவுக்கு 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 250. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் 50 ரூபாய்தான். மற்ற துறைகளும் இந்த அளவுக்கு இறங்கிவந்தால் நல்லது. 2025 நீட் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர் 1,700 ரூபாயும் பட்டியல் சாதி, பழங்குடியினர் 1,000 ரூபாயும் கட்டினார்கள். எது கிடைக்கும் என்று தெரியாத பிள்ளை எல்லாவற்றுக்கும்தான் போட வேண்டியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் ஒருத்திக்கு இது ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல்.

விண்ணப்பத்தைவிடக் கடினமானது அதற்குப் பிறகு வரும் தேதிகள். கலை, அறிவியல் கல்லூரிகளில் கலந்தாய்வு பெரும்பாலும் ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. மாதக் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ வகுப்பும் தொடங்கிவிடும். பொறியியல் பொதுக் கலந்தாய்வு சூடுபிடிப்பது அதற்குப் பிறகு. மருத்துவக் கலந்தாய்வு அகில இந்திய அட்டவணையைப் பார்த்துக்கொண்டு இன்னும் தள்ளிப்போகும். ஆகவே இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஜூலையில் பொறியியலுக்கு எழுந்துபோகிறது. பொறியியலில் சேர்ந்தது ஆகஸ்டில் மருத்துவத்துக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்க அலைய வேண்டும். விட்டுப்போன இடமோ, அதற்காக ஏங்கிய இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காமல் பல கல்லூரிகளில் காலியாகவே நின்றுவிடுகிறது. கலந்தாய்வு நாட்களைத் துறைகள் ஒன்றாக உட்கார்ந்து வகுத்திருந்தால் இதில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம்.

இந்த நிச்சயமின்மையில்தான் தனியார் கல்லூரிகள் பணம் பார்க்கின்றன. பொதுத்தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, இடத்தை உறுதிசெய்ய இத்தனை ஆயிரம் கட்டுங்கள், நாளை மறுநாள் கடைசி என்று அழைப்பு வருகிறது. அரசுக் கலந்தாய்வில் என்ன கிடைக்கும் என்று தெரியாத பெற்றோர் பயத்தில் கட்டிவிடுகிறார்கள். 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட விதி தெளிவானது: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018-லேயே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம் என்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. சேர்க்கைக் காலத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென ஓர் அலுவலரை உட்கார வைத்தால் நிலைமை மாறும். அரசுக் கலந்தாய்வின் முதல் சுற்று முடியும்வரை எந்தக் கல்லூரியும் முன்பணம் வாங்கக் கூடாது என்ற தடையும் வேண்டும்.

மே மாதத்தில் விழித்துக்கொள்பவர்கள் இழப்பவை வேறு சில உண்டு. ஜேஇஇ மெயின் ஜனவரித் தேர்வுக்கான பதிவு அதற்கு முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும். நீட் பதிவு பிப்ரவரி, மார்ச்சில். 2022 முதல் நடக்கும் க்யூட் தேர்வின் பதிவும் பொதுத்தேர்வு நாட்களை ஒட்டித்தான் வருகிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர அதுதான் வழி. கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்குச் சென்னையை அடுத்த சிறுசேரியிலேயே சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுப் பருவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளிகள் இந்தத் தேதிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகின்றன. உயர்கல்விக்கு வழிகாட்டும் நான் முதல்வன், கல்லூரிக் கனவு திட்டங்கள் அரசுப் பள்ளிகளில் நல்ல வேலை செய்திருக்கின்றன. ஆனால் தகவல் சொல்வதோடு நின்றுவிடாமல், ஜூன் மாதமே பிளஸ் டூ வகுப்பறைச் சுவரில் ஆண்டு முழுமைக்கான சேர்க்கை நாட்காட்டி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்வின் கடைசித் தேதிக்கு முன்பும் யார் எதற்குப் பதிந்தார், யார் பதியவில்லை என்ற பட்டியல் தலைமையாசிரியரிடம் இருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் ஏற்கெனவே எமிஸ் பதிவேற்றத்தில் மூழ்கிக் கிடக்கிறார்கள், இதையும் அவர்கள் தலையிலா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆகவே மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் இதற்கென ஒரு பணியாளரை நியமிக்க வேண்டும். ஆசிரியரைக் கொண்டு சமாளிப்பது தீர்வாகாது. பிளஸ் ஒன் பிள்ளைக்கு என்ன படிக்கப்போகிறோம் என்று எப்படித் தெரியும் என்றும் கேட்பார்கள். தெரிய வேண்டியதில்லை. அடிப்படை விவரங்களைப் பதிவதற்கும் படிப்பைத் தேர்வு செய்வதற்கும் தொடர்பில்லை. பிரிட்டனில் யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் வழியாகத்தான் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போகிறது: ஒரு விண்ணப்பம், அதிகபட்சம் ஐந்து தேர்வுகள், எல்லோருக்கும் தெரிந்த கடைசித் தேதிகள். ஒன்றோடொன்று போட்டியிடும் பல்கலைக்கழகங்களே அதற்கு உடன்பட்டிருக்கின்றன. ஒரே அரசின் கீழ் இருக்கும் துறைகள் உடன்பட என்ன தயக்கம்?

அரசு இதைச் செய்யும்வரை பெற்றோர் காத்திருக்கவும் முடியாது. பிளஸ் ஒன் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் காலாண்டு விடுமுறையிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்ச் சான்றிதழ்களைப் பதிந்துவிடுங்கள். ஆதாரில் பெயரைச் சரிபாருங்கள். விண்ணப்பங்களுக்கென்று வீட்டில் ஒருவரின் கைபேசி எண்ணை மட்டும் கொடுங்கள். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள். எட்டு இடத்துக்குப் போடுவதைவிட, பிள்ளை உண்மையில் சேர விரும்பும் மூன்று, நான்குக்குக் கவனமாகப் போடுவது மேல். பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் விண்ணப்ப வேலையைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டு, பிள்ளையைப் படிக்க விடுங்கள்.

உயர்கல்வி, பள்ளிக்கல்வி, மருத்துவம், வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, சட்டம், வருவாய் ஆகிய ஏழு துறைகளின் செயலர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது. தலைமைச் செயலர் அவர்களை இந்த ஆண்டு இறுதிக்குள் அழைக்க வேண்டும். இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் விண்ணப்பிக்கும்போது அந்த ஒரே விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும்.