பேப்பர் கப் சுத்தமா?

ராஜபாளையத்தில் பஸ் ஏறுமுன் டீ கேட்டாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக் கேட்டாலும் பேப்பர் கப்பைத்தான் நீட்டுகிறார்கள். "கிளாஸில் கொடுங்க தம்பி" என்றால், "இதுதான் சார் சுத்தம்" என்று பதில் வருகிறது.

எது சுத்தம்? வெறும் காகிதத்தில் டீ ஊற்றினால் ஊறிப் போகும். அதனால் உள்ளே பாலித்தீன் பூசுகிறார்கள். அந்தக் கப்பில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாக 2020இல் கரக்பூர் ஐஐடிக்காரர்கள் கண்டார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே இதற்குத் தடை. நீட்டுகிறவருக்கும் தெரியும், வாங்குகிற நமக்கும் தெரியும்.

கண்ணாடி, மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிச் சேர்ந்தது. வாசனையைப் பிடித்து வைக்காது. நம் வீட்டுப் பீங்கான் ஜாடியின் பளபளப்பும் ஒரு வகைக் கண்ணாடிப் பூச்சுதான். மாங்காயின் உப்பும் புளிப்பும் வருஷம் முழுக்க இருந்தும் அதை அரிப்பதில்லை.

கிளாஸைச் சரியாகக் கழுவுவதில்லை என்பது நியாயமான புகார். அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுப்பதை நானும் பார்த்திருக்கிறேன். வெந்நீரில் கழுவச் சொல்லுங்கள். டீக்கடையில் வெந்நீருக்கா பஞ்சம்?

இரட்டைக் கிளாஸைப் பார்த்த வயசு நமக்கு. பேப்பர் கப் வந்துதான் அது ஒழிந்தது என்கிறார்கள் சிலர். மற்றவர்களுக்குக் கிளாஸ், அவர்களுக்கு மட்டும் கப் என்று அதே தீண்டாமையைத் தொடர்ந்த கடைகளும் உண்டு, ஐயா. வெந்நீரில் கழுவிய கிளாஸ், வருகிற எல்லோருக்கும். அப்படிக் கொடுக்கிற கடை எனக்குத் தெரிந்து இரண்டுதான். கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது, நடக்கிறேன்.