கட்டின் முதுகைப் படியுங்கள்

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். வேலை பார்த்தது புதுச்சேரியில், அரசு எழுத்தனாக. கம்ப்யூட்டரில் ஃபோல்டர் என்கிறோமே, அதற்குப் பிரெஞ்சில் 'தொசியே' என்று பெயர். முதுகைக் குறிக்கும் 'தோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. காகிதக் கட்டின் முதுகில் சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் கட்டை அவிழ்க்க வேண்டும். அந்த வழக்கத்தைக் கம்ப்யூட்டரில் மறந்ததால் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரைகளை விஷுவல் ஸ்டூடியோ கோடில்தான் எழுதுகிறேன். புரோகிராம் எழுதுகிறவர்களின் செயலி, பேரன் போட்டுக்கொடுத்தான். ஒரு ஃபோல்டரை அப்படியே திறந்து, உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளிலும் ஒரு சொல்லைத் தேடலாம், ஒரே அடியில் மாற்றலாம். என்னைப் போன்றவனுக்கு வரப்பிரசாதம்.

ஃபோல்டரை அதில் சட்டென்று திறக்க, ரைட் கிளிக் மெனுவில் வந்து உட்காரும் குறுக்குவழிக் கருவி ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினேன். ஒருநாள் கட்டுரைகள் இருந்த ஃபோல்டருக்குள் வெற்றிடத்தில் கிளிக் செய்தேன். அது அதற்கு மேலே உள்ள ஃபோல்டரைத் திறந்தது. நான் கவனிக்கவில்லை. 'புதுவை' என்று இருந்ததையெல்லாம் 'புதுச்சேரி' என்று மாற்றினேன்.

அந்த மேல் ஃபோல்டரில்தான் அப்பாவின் கடிதங்களும் இருந்தன. காரைக்காலில் வேலையாக இருந்தபோது அம்மாவுக்கு எழுதியவை. நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். 'புதுவைக்கு' என்பது 'புதுச்சேரிக்கு' ஆயிற்று. இலக்கணம் பிசகவில்லை, அதனால் பல நாள் கண்ணில் படவும் இல்லை. காகிதம் மிஞ்சியவற்றைப் பார்த்துத் திருத்திவிட்டேன். செல்லரித்துப் போனவற்றில் அப்பா எந்தச் சொல்லை எழுதினார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே என் கருத்து இது. எத்தனை செயலிகளில் திறக்கும், எவ்வளவு வேகம் என்றெல்லாம் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாம் நிற்கும் ஃபோல்டரையே திறக்கிறதா என்று பாருங்கள். புதிதாக ஒன்றைப் போட்டால், முதலில் ஒரு வெற்று ஃபோல்டரில் சோதியுங்கள்: ஃபோல்டரின் மேல் ஒரு கிளிக், உள்ளே வெற்றிடத்தில் ஒரு கிளிக்.

பெரும்பாலும் தனிக் கருவியே வேண்டியதில்லை. விஷுவல் ஸ்டூடியோ கோடை விண்டோஸில் நிறுவும்போதே, ரைட் கிளிக் மெனுவில் சேர்க்கட்டுமா என்று கேட்டு ஒரு கட்டம் வரும். அதில் டிக் செய்தால் போதும். விண்டோஸ் 11-இல் 'மேலும் விருப்பங்கள்' என்பதற்குள் ஒளிந்திருக்கக்கூடும். மேக்கில் ஃபோல்டரை இழுத்துச் செயலியின் படத்தின் மேல் போட்டாலே திறந்துவிடும்.

நான் இப்போது செய்வது இன்னும் பழைய முறை. ஃபோல்டரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் சி, எம், டி என்ற 3 ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துவேன். அதே ஃபோல்டரில் கறுப்புத் திரை திறக்கும். அதில் 'கோட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம் விட்டு, ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு 'இங்கேயே' என்று அர்த்தம்.

பேரன் சிரிக்கிறான், "தாத்தா, இது சுற்றுவழி" என்று. இருக்கட்டும். திறந்ததும் இடப்பக்கம் மேலே ஃபோல்டரின் பெயர் தெரியும். அதைப் படித்த பிறகுதான் விசைப்பலகையில் கை வைக்கிறேன்.