ஒரே வாங்கிலிருந்து எழுந்தவர்களின் கடமை

ஒரே வாங்கில் அமர்ந்து பாடம் கேட்டவர்களின் நட்பு எளிதில் அறுந்துவிடுவதில்லை. போர் எம்மைத் திசைக்கொருவராகச் சிதறடித்த பின்னரும் அந்நட்பு நிலைத்திருக்கின்றது என்பதற்குக் கனடாவில் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களே சான்று. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, ஹாட்லிக் கல்லூரி, மகாஜனக் கல்லூரி எனத் தாம் பயின்ற பாடசாலைகளின் பெயரால் சிறுவயது நண்பர்கள் ஒன்றுகூடுகின்றனர். நிதி திரட்டி ஊர்ப் பாடசாலைகளின் தேவைகளுக்கு அனுப்புகின்றனர். போற்றுதற்குரிய அப்பணி தொடரவேண்டும். ஆயினும், அந்த நட்பின் பயன் மொன்றியலில் எமது கண்முன்னே திணறும் பிள்ளைகளையும் எட்டவேண்டாமா என்பதே நாம் எழுப்பும் வினா.

1977ஆம் ஆண்டின் 101ஆம் இலக்கச் சட்டப்படி, கியூபெக்கில் குடியேறும் குடும்பங்களின் பிள்ளைகள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிரெஞ்சு மொழியிலேயே கற்கவேண்டும். மொழி அறியாது வருவோர் முதலில் 'வரவேற்பு வகுப்பில்' சேர்க்கப்படுகின்றனர். இங்கு வதியும் பிள்ளைக்கு, குடிவரவு நிலை எதுவாயினும் இலவசக் கல்வி கிடைப்பதற்கு 2017இல் நிறைவேறிய சட்டம் வழிவகுத்தது. எனவே வழக்கின் முடிவு வரவில்லையே என்றஞ்சி எந்தப் பெற்றோரும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை.

கதவு திறந்திருக்கின்றது. ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளை நிலைத்து நிற்பதற்கு யார் துணை? 14 வயதில் வந்திறங்கும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 16 வயதுடன் கட்டாயக் கல்வி முடிந்துவிடும். இடைநிலைக் கல்விச் சான்றிதழ் பெறுவதற்கோ ஐந்தாம் ஆண்டுப் பிரெஞ்சிலும், நான்காம் ஆண்டுக் கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றிலும் சித்தியடைய வேண்டும். ஊரில் கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளை, வினாவின் மொழி விளங்காமையால் இங்கே கடைசி வாங்குக்குப் போகின்றது. தந்தை உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறார். பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தைப் பெற்றோருக்கு வாசித்துப் பொருள் சொல்வதும் அப்பிள்ளையே. 1996இல் தொடங்கப்பட்ட 'அலோபுறொப்' போன்ற அமைப்புகள் வீட்டுப்பாடத்துக்கு இலவச உதவி வழங்குகின்றன. எனினும் தன் ஐயத்தைக் கேட்கவே மொழி அறியாத பிள்ளைக்கு அவ்வுதவி எட்டாக்கனியே.

இப்பாதையைக் கடந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். கோட்-டே-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் ஒரே வரவேற்பு வகுப்பில் ஒன்றாகத் திணறி ஒன்றாகத் தேறிய நண்பர்கள் இன்று பொறியியலாளராகவும் தாதியராகவும் கணக்காளராகவும் தலைநிமிர்ந்து நிற்கின்றனர். தமிழில் விளக்கிப் பிரெஞ்சில் எழுதப் பழக்குவதற்கு அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

இதற்குப் பெருநிதி தேவையில்லை. கியூபெக்கில் இலாப நோக்கற்ற அமைப்பொன்றைப் பதிவதற்கு மூன்று பேர் போதும். ஓர் அறையும் வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் ஒழுங்கு வேண்டும். பிள்ளைகளுடன் பழகுவோரின் பின்னணி பொலிசார் மூலம் சரிபார்க்கப்பட வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் பொதுச்சபை முன் வைக்கப்பட வேண்டும். பதிவு செய்தவுடனேயே வரிச் சலுகைக்கான பற்றுச்சீட்டு வழங்கும் உரிமை வந்துவிடாது. அதற்குக் கனடிய வருமானவரித் திணைக்களத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதவிப் போட்டியில் சங்கங்கள் பிளவுபட்ட கதை எமக்குப் புதிதன்று. பிள்ளையின் பாடப்புத்தகத்தை நடுவில் வைத்தால் தலைவரின் நாற்காலி தானாகவே ஓரத்துக்குப் போய்விடும்.

1933இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. பின்னர் அறிஞர் சிலர் கைகொடுக்க, 844 நூல்களுடன் அது ஓர் அறைக்கு இடம்பெயர்ந்தது. 1981இல் தீயிடப்பட்டபோது அங்கிருந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. அந்த இழப்பை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், அதன் தொடக்கம் எவ்வளவு சிறியது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நண்பர்களே, அடுத்த ஒன்றுகூடலில் பழைய ஆசிரியர்களின் கதைகளைப் பேசி மகிழுங்கள். மண்டபத்தை விட்டு எழுமுன், உங்கள் தெருவில் தனியே கொப்பியுடன் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் பெயரையும் கேட்டறியுங்கள். உங்கள் வாங்கில் அப்பிள்ளைக்கும் இடமுண்டு.